தோளோடு நின்ற முகங்கள்

என் பார்வையின் நடுவில் ஒரு மேகம் குடியேறிய ஆண்டில்தான் நான் முதன்முதலாகக் களிமண்ணைப் பிசைந்தேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் மருத்துவர். ஓரங்கள் நிற்கும், நடு போய்விடும், ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்றார். வலது கண்ணில் அது முடிந்துவிட்டிருந்தது. இடது கண்ணில் தொடங்கியிருந்தது.

அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்த பிறகே விளங்கிற்று. வாசற்கோலம் தெரிந்தது. எதிரே நின்ற என் கணவரின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. முகத்தை நேரே நோக்கினால் மட்டும் முகம் இருந்த இடத்தில் மார்கழிப் பனி போன்ற ஒன்று மெல்ல அசைந்தது. பார்வையைச் சற்றே விலக்கினால் காதின் ஓரம் ஒன்று, தாடையின் ஓரம் ஒன்று எனத் துணுக்குகளாகக் கிடைத்தது. மனிதர் யாவரும் எனக்குத் தோளோடு முடிந்துபோனார்கள்.

பாசுரங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவை கண்ணில் இல்லை, நாவில் இருக்கின்றன. பஜனை மடத்தில் என் தந்தையார் சொல்லச் சொல்லப் பாடம் செய்தவை. பெருமானின் திருமேனியையும் இந்தக் கண் இல்லாமலேயே நான் காணமுடியும். அப்படிக் காண்பதற்காகத்தானே அத்தனை பாசுரங்களும் பாடப்பட்டன! ஆனால் ஒருநாள் பிற்பகலில், கணவர் காய் வாங்கப் போயிருந்தபோது, அவர் முகத்தை உள்ளத்தில் எழுப்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி வந்தது. மீசை வந்தது. அவற்றைத் தாங்கும் முகம் வரவில்லை. கூடத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கண்ணும் அடைபடுவதற்கு முன் அந்த முகத்தை எப்படியாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே ஒரு சிற்பி இருந்தார். பகலெல்லாம் ஒரகடத்தில் ஒரு வடிவமைப்புக் கூடத்தில் கார்களைக் களிமண்ணில் செய்பவர். இரும்பில் வருவதற்கு முன் ஒவ்வொரு காரும் மண்ணில்தான் பிறக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த பின், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தார். என் கணவர் கம்பெனிப் பேருந்து ஓட்டிய காலத்தில் முன்னிருக்கையில் அமர்ந்து வந்தவர் அவர். அந்தப் பழக்கத்தில் கணவரே எனக்காகக் கேட்டுவந்தார்.

"நான் பேசிட்டேன். வரச் சொல்லுங்கன்னுட்டாரு" என்றார். பிறகு என்னை வம்புக்கிழுக்கும் குரலில், "ஏம்மே, ஞாயித்துக்கெழமைன்னா பெருமாளுக்கு லீவா? சர்ச்சுக்குப் போய்க் குந்திக்கப் போறியே, அவரு கோவிச்சிக்க மாட்டாரா?"

"அவர் இல்லாத இடம் எது என்று நீங்கள் சொல்லுங்கள். அங்கே போகாமல் இருந்துவிடுகிறேன்."

"இன்னா கேட்டாலும் ஒரு பதில் வச்சிக்கினு கீறே."

அந்தக் கூடத்தின் நீண்ட மேசையில் தலைகள் இருந்தன. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள சிலைகளை ஒளியால் அளந்து, அந்த அளவுகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கின்றனவாம். ஒரகடத்துப் பட்டறை ஒன்றில் கார் உதிரிகளுக்கு மாதிரி அச்சிடும் இயந்திரத்தில் நண்பர் ஒருவரைக் கொண்டு அவற்றை நெகிழியில் அச்சிட்டு, பட்டி தடவி, உப்புத்தாள் தேய்த்து வைத்திருந்தார் ஆசிரியர். உயர்ந்த கழுத்தின் மேல் ஒரு கண் மட்டும் உள்ள எகிப்திய அரசி. வாயில் பல் இல்லாத ரோமானிய முதியவர். உதட்டோரத்தில் சிரிப்பை ஒளித்துவைத்த ஒரு பிரெஞ்சுக் கிழவர். மூக்குடைந்த ஒரு கூலியாள். நெற்றியில் பட்டம் கட்டி, பாதிக் கண் மூடிய சிந்துவெளித் தாடிக்காரர். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அவர்கள் மேல் விழும்போது, ஓரப்பார்வைக்கு அவர்கள் தண்ணீருக்கடியில் அமர்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்கள் போலத் தோன்றினார்கள். எனக்கு மனிதர்கள் தோளோடு முடிந்தார்கள். இவர்களோ தோளில் தொடங்கினார்கள்.

"ஏன் இப்படி வெட்டி நிறுத்திவிட்டார்கள்?" என்று கேட்டேன்.

"முழு ஒடம்பும் செஞ்சா, ஆளு இன்னா பண்றாருன்னு பாப்போம்மா. இங்க நிறுத்திட்டா, ஆளு யாருன்னு பாப்போம்" என்றார் ஆசிரியர். "கையால தொட்டுப் பாருங்க. மூக்குலேர்ந்து ஆரம்பிங்க."

என் கை எழவில்லை. பாசுர மரபில் வந்தவள் அல்லவா! பெருமானைப் பாடுவோர் திருவடியில் தொடங்கி, கணுக்கால், பட்டாடை, உந்தி, மார்பு என மேலேறி, கடைசியில்தான் திருமுகத்துக்கு வருவார்கள். எடுத்த எடுப்பில் முகத்துக்குப் போகும் துணிவு அடியார்க்கு வராது. இந்தத் தலைகளுக்கோ அடியே இல்லை. அத்துடன் இன்னொன்றும் இருந்தது. கோயிலில் சடாரி சாத்தும்போது பெருமானின் திருவடி என் தலையில் எத்தனையோ முறை பட்டிருக்கிறது. என் கை அவர்மேல் ஒருமுறையும் பட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் சிலைகளின் முன் நின்றிருக்கிறேன், ஒன்றையும் தொட்டதில்லை.

ரோமானிய முதியவரின் தோள் வெட்டுப்பட்ட விளிம்பில் விரலை வைத்தேன். அங்கிருந்து கழுத்து நரம்பின் வழியே மெல்ல ஏறினேன். பட்டி தடவியும் மறையாத மெல்லிய அச்சுக்கோடுகள் விரலில் தட்டுப்பட்டன, வற்றிய ஏரிக்கரையில் தண்ணீர் இறங்கி இறங்கி விட்டுப்போன கோடுகளைப் போல. தாடைக்கு வந்தேன். பல் போன வாய் உள்ளே சரிந்திருந்தது. ஒரு கன்னத்தில் மூன்று ஆழமான மடிப்புகள், மற்றொன்றில் இரண்டு. கழுத்திலிருந்து அந்த வாய்க்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் பாதித் தலை வரைந்து முடித்திருந்தார்கள். எனக்கு அது ஒரு நீண்ட யாத்திரை போயிருந்ததாகத் தோன்றியது.

என் அருகில் எப்போதும் ஒரு பெண் அமர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சுங்குவார்சத்திரத்துக்கு அருகே கைபேசி செய்யும் ஆலையில் வேலை, விடுதியில் வாசம். இரவுப்பணி முடித்து, உறக்கம் அழுத்தும் கண்ணோடு நேரே வகுப்புக்கு வருவாள். அவளுடைய கைகள் மட்டும் உறங்காமல் மண்ணை உருட்டிக்கொண்டே இருக்கும். என் வயதைப் பார்த்து முதல் நாளே "ஆச்சி" என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள்.

மண்ணில் முதல் தலையை நான் செய்தபோது, இது என் கணவர் என்று யாரிடமும் சொல்லவில்லை. உள்ளத்திலிருந்து செய்தேன். தாமரை இதழ் போன்ற கண்களை இழைத்தேன். குமிழம்பூ போன்ற மூக்கு. வில்லாக வளைந்த புருவம். செய்து முடித்துக் கையை எடுத்தபோது மனம் நிறைந்திருந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, இது எந்தக் கோயில் சாமி?"

"சாமி இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறவர்."

"தாத்தாவா!" அவள் சிரித்த சிரிப்பில் பின்வரிசை திரும்பிப் பார்த்தது. "ஒங்கள கொண்டுவந்து விட்டுட்டு வாசல்ல ஸ்கூட்டர்ல ஒக்காந்து பேப்பர் படிக்காவளே, அந்தத் தாத்தாவா? ஐயோ ஆச்சி, அவுகளுக்கு மூக்கு இப்படியா இருக்கு? நல்லா கொடமொளகா மாதிரில்லா இருக்கும்!"

ஆசிரியர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "அழகா கீதும்மா" என்றார் தயக்கத்தோடு. "ஆனா எந்த அறுபது எழுபது வயசுக்காரர் பேர வேணும்னாலும் இதுக்கு வைக்கலாம். நம்ம ஊரு முக்குல கம்பிக் கூண்டுக்குள்ள தலைவருங்க சிலை வச்சிக்கீறாங்களே, கண்ணாடி, துண்டு, பேரு மூணையும் எடுத்துட்டா யாருன்னு சொல்லுவீங்க? அந்த மாதிரி."

அன்று வீடு திரும்பும்போது வழியெல்லாம் யோசித்தேன். உவமைகள் என்னை ஏமாற்றவில்லை. அவை ஆண்டவனுக்காகச் செய்யப்பட்டவை. அவனுக்கு முதுமை இல்லை, அதனால் தாமரை பொருந்தும். ஒருநாள் இல்லாமற்போகும் முகத்துக்குத் தாமரை பொருந்தாது. இடது காதின் மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியே தொங்குகிறதா என்று யாராவது கேட்டால், ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் வாழ்ந்தும் என்னால் சொல்லமுடியாது. எங்கள் காலத்தில் பிறர் முன்னிலையில் கணவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் வழக்கமில்லை. தனிமையிலோ விளக்கு இருக்காது.

அதன்பின் பல ஞாயிறுகள் அந்தத் தலைகளோடுதான் கழிந்தன. எகிப்திய அரசியின் வெற்றுக் கண்குழியில் விரலை வைத்திருப்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பிரெஞ்சுக் கிழவரின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். உதட்டில் இல்லை. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பள்ளத்தில் இருந்தது, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். மூக்குடைந்தவரின் தலை ஏதோ அழைப்பைக் கேட்டதுபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

"கார்ல ஒரு பக்கம் செஞ்சா போதும்மா" என்றார் ஆசிரியர் ஒருமுறை. "மெஷினு மத்தப் பக்கத்த அப்படியே திருப்பிப் போட்டுடும். முகத்துக்கு அந்த வேலையே நடக்காது. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு."

நான் கையால் அறிந்ததை அவர் கண்ணால் அறிந்திருந்தார். அந்த முகங்களைச் செய்தவர்கள் யாரும் அழகைத் தேடி அலைந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஒருவரை இன்னொருவராக நினைத்துவிடக்கூடாது என்ற ஒரே பயத்தில் செய்திருந்தார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

கணவரை வகுப்புக்கு வரும்படி கேட்டேன். "சும்மா குந்திக்கினு இருக்கணும், அவ்ளோதானே? அது எனக்கு வரும்" என்று வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்தால் போதாது என்பது அங்கே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நான் எழுந்து அவர் முன்னே நின்று, இரு கைகளையும் அவர் தோளில் வைத்தபோது வகுப்பே வேலையை விட்டுவிட்டுத் திரும்பியது.

"ஏம்மே, இன்னா பண்றே?"

"பார்க்கிறேன்."

"எல்லாரும் கீறாங்க."

"அவர்களும் பார்க்கட்டும்."

"தாத்தா, ஆடாம இருங்க" என்றாள் அந்தப் பெண். "வெக்கப்படுதியளோ? கழுத்தெல்லாம் செவந்துட்டு!"

கழுத்தில் தொடங்கினேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவர் விழுங்கியபோது மிடறு என் விரலுக்கடியில் ஏறி இறங்கிற்று. மேசைமேல் இருந்த எந்தத் தலையும் அப்படிச் செய்ததில்லை. தாடைக்கு வந்தேன், காதுக்கு வந்தேன். இடது மடல் தனியே தொங்கியது, வலது சற்றே ஒட்டியிருந்தது. பின்பு இரு உள்ளங்கைகளையும் கன்னங்களில் வைத்தபோது திகைத்து நின்றேன். இடது கன்னம் மெத்தென்று, குழந்தையின் மணிக்கட்டைப் போல இருந்தது. வலது கன்னம் வேறு யாருடையதோ. தடித்து, வறண்டு, கண்ணோரத்திலிருந்து காதுவரை உளுந்து காயவைத்த பாய் போலக் கோடு கோடாக.

"இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கிறது?"

"டிரைவர் சீட்டு ரைட்டுல தானேம்மே. ஜன்னலு அந்தப் பக்கம். காலைல போவச்சொல்ல வெயிலு, சாயங்காலம் வரச்சொல்ல காத்து. பஸ்ஸுல இருந்தவன்லாம் கண்ணாடில பாத்திருப்பான். நீதான் பஸ்ஸுல ஏறினதே இல்லியே."

சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் பணிமாற்றத்துக்காகக் காத்துநின்ற எத்தனையோ பேர் அறிந்த கன்னம் அது. நான் இப்போதுதான் அதனிடம் வந்திருந்தேன். என் கைகளுக்கிடையே அவர் சிரித்தார். சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று விரல் கண்டது. இடது பக்கத்தில்தான் முதலில் எழுகிறது. வலது பக்கம் தயங்கி, பின்னால் வருகிறது.

இரண்டாம் தலை அப்படித் தொடங்கியது. மழைக்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் அவர் உட்கார்ந்தார். ஒரு கையால் அவரைப் பார்த்து மறுகையால் மண்ணில் வைத்தேன். அதற்குள் இடது கண்ணில் பனி அடர்ந்துவிட்டது. ஊசி போட்ட மருத்துவர், இனி இவ்வளவுதான் என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார். எனக்குப் பெரிதாக அதிர்ச்சி இல்லை, ஏனெனில் தலை ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தப் பெண்தான் முதலில் சொன்னாள். "இது தாத்தாவேதான். கூப்பிட்டா 'இன்னா'ன்னு கேட்டுருவாவ."

அப்போதுதான் ஆசிரியர் கம்பியைக் கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் சிறு கட்டை கட்டிய மெல்லிய கம்பி.

"காயறதுக்கு முன்னாடி உள்ளக் கீற மண்ண எடுத்துடணும்மா. கெட்டியா இருந்தா சூளைல வெடிச்சிடும். நெத்திக்கு மேல குறுக்கால அறுத்து மூடி மாதிரி எடுத்துட்டு, உள்ள சொரண்டிட்டு, திருப்பி ஒட்டிடலாம்."

எனக்குக் கேட்டதே தவிர விளங்கவில்லை. விளங்கியதும் தலைமேல் ஈரத்துணியைப் போர்த்தி இரு கைகளாலும் பொத்திக்கொண்டேன். நாள்தோறும் மஞ்சள் இட்டுக்கொண்டு, இவர் ஆயுளுக்காகத் திருமகளாகிய தாயாரிடம் வேண்டிக்கொள்கிறவள் நான். அவர் தலையை அவர் கண்ணெதிரே அறுப்பதா? முடியாது என்றேன். அப்படியே இருக்கட்டும், ஈரம் காட்டியே காப்பாற்றுகிறேன் என்றேன். ஆசிரியர் வற்புறுத்தவில்லை.

ஆனால் ஈரம் காப்பாற்றாது. அடுத்த ஞாயிறு துணியை விலக்கித் தொட்டபோது மூக்கின் நுனி மழுங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் வலது கன்னத்தின் கோடுகள் கரையத் தொடங்கியிருந்தன. ஈரம் காட்டாமல் விட்ட வாரத்தில் காதின் பின்னே மயிரிழை வெடிப்பு. நனைத்தால் கரைகிறது, விட்டால் பிளக்கிறது. இன்னொரு தலை செய்ய எனக்குக் கண்ணும் இல்லை, அடுத்த மழைக்காலம்வரை என் விரல்கள் இப்படியே இருக்குமென்ற உறுதியும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஏம்மே, இதுக்கா அழுவுறே?" கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "அறுத்துப் பாரேன். உள்ள ஒண்ணுமே இல்லன்னு கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து நீதானே சொல்லிக்கினு கீறே. இன்னிக்கி தெரிஞ்சிடும்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இங்கதானே குந்திக்கினு கீறேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. நீயே அறு. வேற யாரு அறுத்தாலும் எனக்குப் புடிக்காது."

கம்பியை வாங்கினேன். ஆசிரியர் என் கைகளை மயிரெல்லைக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு விலகினார். திருநாமம் சொல்லி இழுத்தேன். மண் எதிர்க்கவில்லை. வெண்ணெயில் நூல் போவதுபோலக் கம்பி போய் மறுபக்கம் வந்தது. மூடியை எடுத்து ஆசிரியர் ஈரத்துணிமேல் வைத்தார்.

வளைந்த கம்பிச் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்மண்ணை எடுத்தேன். குளிர்ந்த மண், ஏரியின் அடியாழத்து வாசனையோடு. சுவர் ஒரு விரல் கனம் நிற்கவேண்டும், கண்ணால் அளக்க முடியாது, ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே வைத்து அளங்கள் என்றார் ஆசிரியர். அப்படியே வைத்தேன்.

அங்கே நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! வெளியே மூக்கு எழுந்த இடத்தில் உள்ளே ஒரு குகை உண்டானது. வெளியே கண் பள்ளமாயிருந்த இடத்தில் உள்ளே ஒரு சிறு குன்று. உள்ளே நின்று எல்லாவற்றையும் தாங்குபவன் என்று எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். உள்ளே நின்று பார்த்தால் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது இருண்டு, ஈரமாய், யாரோ சற்றுமுன் எழுந்துபோன அறைபோல் இருந்தது. வலது கன்னத்தின் கரைந்த கோடுகளை வெளிக்கை மீண்டும் ஒவ்வொன்றாகக் கீறியது. அமுங்காதபடி உள்கை பின்னாலிருந்து தாங்கிக்கொண்டது. எது பார்க்கிற கை, எது செய்கிற கை என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

எதிரில் அவர் அந்தப் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஓ.டி. பார்த்துவிட்டுத் தூங்காமல் வரலாமா, தேர்வில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டார். "நீங்கதான் பஸ்ஸு ஓட்டுவியளே தாத்தா, ஏத்திட்டுப் போயிர மாட்டியளா" என்றாள் அவள். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

உதட்டுக்கும் இடது கன்னத்துக்கும் நடுவே இருந்த பள்ளத்தில், உள்விரலும் வெளிவிரலும் ஒரு விரற்கனத்து மண்ணுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று அறிந்தன. அவர் சிரிப்பைக் காண நான் நிமிர்ந்து பார்க்கவேண்டியிருக்கவில்லை.